வியாழனுக்குப் போக மாத்திரை கிடையாது

தூங்கிக்கொண்டே வியாழன் கிரகத்துக்குப் போய் வரலாம் என்று நம்புகிற பையன்கள் எங்கள் அதியமான்கோட்டையிலும் இருக்கிறார்கள். மெடிக்கல் கடைக்காரனுக்கு இதெல்லாம் சீக்கிரம் தெரிந்துவிடும். ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது என்பதெல்லாம் முதலில் எங்கள் காதுக்குத்தான் வரும்.

போன மழைக்காலத்தில், டிப்ளமோ முடித்த ஒரு பையன் வந்து பி6 மாத்திரை பத்து அட்டை கேட்டான்.

“யாருக்குத் தம்பி?”

“எனக்குத்தாண்ணா.”

“கை கால் மரத்துப் போகுதா?”

“அதெல்லாம் இல்லண்ணா. கனவு தெளிவா வரும்னு சொன்னாங்க.”

யார் சொன்னது என்றதும் செல்போனை எடுத்துக் காட்டினான். ஏதோ ஒரு ஆன்லைன் வகுப்பு. நாலாயிரம் ரூபாய் கட்டியிருக்கிறான். விடியற்காலை மூன்றரைக்கு அலாரம் வைத்து எழ வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி படுக்க வேண்டும். பகலில் அடிக்கடி கைவிரலை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் கனவிலும் வருமாம். அங்கே எண்ணும்போது ஆறு விரல், ஏழு விரல் என்று குழப்பினால், இது கனவு என்று பிடிபட்டுவிடுமாம். பிடிபட்டதும் உடம்பை விட்டு வெளியே வந்துவிடலாம். முதலில் நிலா, அப்புறம் வியாழன், கடைசி வாரம் ஆண்ட்ரோமெடா. பாடத்திட்டத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆண்ட்ரோமெடாவிலிருந்து ஒளி இங்கே வந்து சேரவே 25 லட்சம் ஆண்டு ஆகிறது. இவர்கள் அதை மூன்றாவது வாரத்தில் முடித்துக் கொடுக்கிறார்கள்.

பி6 கதையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் நூறு பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்குப் படுக்கும் முன் 240 மில்லிகிராம் பி6 ஐந்து நாள் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கனவு கூடுதலாக ஞாபகத்தில் நின்றது. ஆனால் கனவின் தெளிவு கூடவில்லை. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி6 ஏறக்குறைய இரண்டு மில்லிகிராம்தான். அளவுக்கு மீறி மாதக்கணக்கில் விழுங்கினால் நரம்பு கெடும். கை கால் மரத்துப் போகிறது என்று வருபவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற அதே மாத்திரை, அளவு மீறினால் கை காலை மரக்க வைக்கும். பத்து அட்டை கிடையாது என்று சொல்லி அனுப்பினேன்.

இன்னொருவர், கொஞ்சம் வயதானவர், இதே வகுப்புக்காக அல்பிரஸோலாம் கேட்டார். அது எச்1 பட்டியலில் இருக்கிற மருந்து. டாக்டர் சீட்டு வேண்டும், யார் எழுதினார், யார் வாங்கினார் என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அதை விடுங்கள். அந்த மாத்திரை, கனவு வருகிற உறக்கத்தையே குறைத்துவிடும். கனவு காண ஆசைப்பட்டு அதைப் போடுவது வெளிச்சம் வேண்டுமென்று விளக்கை ஊதி அணைப்பது போன்றது.

ஆனாலும் இவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. கனவு என்று தெரிந்தே கனவு காண முடியும் என்பது மெய்தான். சைவ நூல்கள் நனவு, கனவு, உறக்கம், துரியம், துரியாதீதம் என்று ஐந்து நிலைகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. திபெத்திய பௌத்தத்தில் கனவுக்கென்றே ஒரு யோகம் இருக்கிறது. மேற்கே ஃபிரெடெரிக் வான் ஈடன் என்ற டச்சு மருத்துவர் தம் கனவுகளையே குறித்து வைத்து 1913-இல் கட்டுரை எழுதினார். ‘நீ முழித்துக்கொண்டு கதை விடுகிறாய்’ என்றுதான் அப்போதெல்லாம் சொன்னார்கள்.

அதை உடைத்தது ஒரு கெட்டிக்காரத்தனமான யோசனை. கனவு வருகிற உறக்கத்தில் உடம்பின் தசைகள் எல்லாம் கட்டுண்டு கிடக்கும். கண் மட்டும் அசையும். அப்படியானால் கனவு காண்பவன் முன்பே பேசிவைத்த கணக்கில் கண்ணை இடமும் வலமும் ஓட்டினால் வெளியே கருவியில் பதியுமே? இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் 1975-இல் அதைச் செய்து பார்த்தார். ஆலன் வோர்ஸ்லி என்பவர் தூக்கத்துக்குள்ளிருந்து கண்ணால் சைகை அனுப்பினார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜும் தனியாக அதையே நிரூபித்தார். மூளை அலை உறக்கம் என்கிறது, கண் பேசுகிறது. இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

2021-இல் நாலு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இன்னும் ஒரு படி போயின. தூங்குபவரிடம் எட்டிலிருந்து ஆறைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டார்கள். அவர் கனவுக்குள்ளேயே கேள்வியைக் கேட்டு, கண்ணை இரண்டு முறை ஓட்டி இரண்டு என்றார். அற்புதம்தான். ஆனால் மொத்தம் 158 முறை கேள்வி கேட்டதில் சரியான பதில் வந்தது 29 முறை. பாதிக்கு மேல் பதிலே இல்லை. எட்டிலிருந்து ஆறைக் கழிக்கவே இந்தப் பாடு. இதில் ஆண்ட்ரோமெடாவில் என்னத்தை அளந்து வருவது!

உடம்பை விட்டு வெளியே வந்த அனுபவமும் பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் ஓசூர் கம்பெனிகளுக்கு நைட் ஷிஃப்ட் போகும் பெண்கள் நிறையப் பேர். காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, தலைவலி மாத்திரை வாங்க வரும்போது சிலர் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள்: “படுத்தா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குண்ணா. முழிச்சிருக்கேன், கத்தணும்னு பார்க்கிறேன், வாயே வரல.” அமுக்குவான் பேய் என்று வீட்டில் விபூதி போட்டிருப்பார்கள். மூளை முழித்துக்கொள்கிறது, கட்டுண்ட தசை இன்னும் அவிழவில்லை. அந்தச் சில நொடிதான் பேய். உறக்க நேரம் மாறி மாறி வருபவர்களுக்கு இது கூடுதலாக வரும். சிலருக்கு அந்த நேரத்தில் மிதப்பது போலவும், மேலேயிருந்து தன்னையே பார்ப்பது போலவும் தோன்றும். மூன்றரை மணி அலாரம் வைத்து நல்ல தூக்கத்தைக் கிழிக்கிற அந்த ஆன்லைன் வகுப்பு செய்வது, ஷிஃப்ட் வேலை இந்தப் பெண்களுக்குச் செய்வதைத்தான். ஒரு வித்தியாசம்: இவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், அவர்கள் காசு கட்டுகிறார்கள்.

2002-இல் ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் மூளையைச் சோதித்துக்கொண்டிருந்தது. வலது பக்கத்தில், காதுக்குப் பின்னால் சற்று மேலே உள்ள ஓரிடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்ததும், தான் மேலே மிதப்பதாகவும் கட்டிலில் கிடக்கிற தன்னைப் பார்ப்பதாகவும் அவர் சொன்னார். முழு உடம்பும் தெரிந்ததா? இல்லை, காலும் இடுப்பும்தான். மின்சாரத்தை நிறுத்தினால் நின்றது, கொடுத்தால் வந்தது. நம் உடம்பு இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஓயாமல் கணக்குப் போடுகிற பகுதி அது. அந்தக் கணக்கு பிசகினால் ஆள் கூரைக்குப் போய்விடுகிறான்.

சரி, மூளை பிசகியபோது நிஜமாகவே வெளியே போகவும் செய்கிறான் என்று வைத்துக்கொண்டால்? அதையும் சோதித்தார்கள். சாம் பார்னியா என்ற மருத்துவர், இதயம் நின்று மீண்டவர்களை ஆராய்ந்தார். ஆஸ்பத்திரி அறைகளில் மேலேயிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி உயரத்தில் பலகை அடித்துப் படங்களை வைத்தார்கள். 2,060 இதய நிறுத்தங்களைக் கணக்கில் எடுத்து 2014-இல் முடிவு வெளியானது. அந்தப் படத்தைப் பார்த்தேன் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

இந்தக் கூரைப் பயணத்தை நட்சத்திரப் பயணமாக நீட்டியதில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. அடையாறு பிரம்ம ஞான சபையின் சார்லஸ் லெட்பீட்டர் 1909 பிப்ரவரியில் அங்கே திரும்பி வந்தார். சிறுவன் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தியை அடையாறு கடற்கரையில் கண்டெடுத்தவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். அவருக்குச் சூட்சும உடலில் உலாவுகிற பழக்கம் இருப்பதாக அவரே சொன்னார். அன்னி பெசன்ட்டுடன் சேர்ந்து ஞானக் கண்ணால் அணுவுக்குள் பார்த்ததாக ஒரு புத்தகம். அது 1908-இல் வந்தது. அடையாறில் மாலை நேரங்களில் சொன்னதைத் தொகுத்து 1910, 1911-இல் வந்த ‘தி இன்னர் லைஃப்’ நூலில் செவ்வாய் கிரகத்து ஜனங்களைப் பற்றியே எழுதியிருக்கிறார். அதிகம் போனால் ஐந்தடி உயரம், மஞ்சள் முடி, நீலக் கண், பார்த்தால் நார்வேக்காரர் மாதிரி இருப்பார்களாம். துருவத்துப் பனி உருகி ஓடக் கால்வாய்கள் வெட்டியிருக்கிறார்களாம்.

கால்வாய் எங்கேயிருந்து வந்தது? அமெரிக்காவில் பெர்சிவல் லோவல் 1895 முதல் புத்தகம் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார், செவ்வாயில் கால்வாய்கள் இருக்கின்றன, அறிவுள்ள ஜீவன்கள் வெட்டியவை என்று. அந்தக் காலத்தில் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. லெட்பீட்டரின் சூட்சும உடலும் அதே கால்வாயைத்தான் பார்த்துவிட்டு வந்தது. 1965 ஜூலையில் மரைனர் 4 விண்கலம் செவ்வாயை நெருங்கிப் படம் எடுத்து அனுப்பியது. குழிகள் இருந்தன. கால்வாய் இல்லை, நார்வேக்காரரும் இல்லை.

அதே 1909, அதே மெட்ராஸ் மாகாணம். ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளி ஒன்றின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறமாலைக் கோடுகள் புள்ளியின் ஒரு பக்கம் சற்று நீலத்தை நோக்கியும் மறுபக்கம் சிவப்பை நோக்கியும் நகர்ந்திருந்தன. புள்ளியின் நடுவிலிருந்து வாயு ஓரத்தை நோக்கிப் பாய்கிறது என்பது அவர் கண்ட முடிவு. யாரும் அவருக்கு முன்னால் அதைச் சொல்லியிருக்கவில்லை. எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்க இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். அவர் எங்கும் போகவில்லை. பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தை மலை மேல் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். லெட்பீட்டர் போனதாகச் சொல்லி, ஏற்கெனவே ஊரில் பேசிக்கொண்டதைக் கொண்டு வந்தார். எனக்கு இந்த இரண்டு பேரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது போதும். போகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புறப்படும்போது யாருக்கும் தெரியாததாக இருந்து, பின்னால் சரி பார்த்து உண்மை என்றானது எதையாவது கொண்டு வந்தீர்களா?

கொண்டு வந்தார் என்று அந்த வகுப்புக்காரர்கள் காட்டுகிற ஒரே சாட்சி இங்கோ ஸ்வான் என்பவர். 1973 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில், இரண்டு இயற்பியலாளர்கள் பக்கத்தில் இருக்க, மனத்தாலேயே வியாழனுக்குப் போனார். வியாழனைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி இருக்கிறது என்றார். 1979-இல் வாயேஜர் 1 வியாழனுக்கு மெல்லிய வளையம் இருப்பதைப் படம் பிடித்தது. கேட்கும்போது மெய் சிலிர்க்கத்தான் செய்கிறது. அவர் கூடவே சொன்ன மற்றதை வீடியோக்களில் சொல்வதில்லை. முப்பதாயிரம் அடி மலைகளையும் மணல் மேடுகளையும் பார்த்தேன் என்றார். வியாழனில் மலை நிற்கத் திடமான தரையே கிடையாது. வளையம்கூடக் காற்று மண்டலத்துக்குள் இருப்பதாகச் சொன்னார். நிஜ வளையம் வெளியே இருக்கிறது. பத்து சொல்லி ஒன்று ஒட்டினால் ஒட்டியதை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவது ஜோசியக்காரர்கள் வழக்கம். அமெரிக்க உளவுத்துறை இதே வித்தையை நம்பி இருபது வருடத்துக்கு மேல் பணம் செலவழித்து, பிரயோஜனம் இல்லை என்று 1995-இல் கடையை மூடியது.

ஸ்வான் போவதற்கு முந்தின வருடம், 1972 ஜூன் 7 அன்று, நம் ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்திலும் வியாழனைப் பார்த்தார்கள். வானியலாளர் வைணு பாப்பு தேடிப் பிடித்த இடம் அது. ஒரு மீட்டர் தொலைநோக்கி அப்போதுதான் வந்திருந்தது. வியாழனின் பெரிய நிலாவான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதை அளந்தார்கள். வெளிச்சம் சட்டென்று அணையாமல் மங்கி அணைந்தது. ஆகவே கனிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். 1979-இல் வாயேஜர் அளந்தபோது அந்தக் கணிப்பு மிக மிக அதிகம் என்று தெரிந்தது. பிறகு 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே மிக மெல்லிய ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்தத் தவறுதான். எண் கொடுத்தார்கள், அதனால் பிழை என்று காட்ட முடிந்தது, திருத்த முடிந்தது. லெட்பீட்டரின் மஞ்சள் முடிக்காரர்களை யாரும் திருத்தவில்லை. வேறு ஏதோ தளத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது விவகாரம்.

இதை எழுதினால் சித்தர்களை அவமதிக்கிறாயா என்று கேட்பார்கள், தெரியும். எங்கள் ஊரே காலபைரவர் கோயிலால் பேர் பெற்ற ஊர். தேய்பிறை அஷ்டமி அன்று பெங்களூர், சேலம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து பூசணிக்காயில் விளக்கேற்றுகிறார்கள். பைரவரின் திருமேனியில் பன்னிரண்டு ராசியும் இருபத்தேழு நட்சத்திரமும் அடக்கம் என்பது நம்பிக்கை. நானும் போய்க் கும்பிடுகிறவன்தான். ஆனால் கும்பிட்டு வந்த யாரும் அசுவினியில் இறங்கிப் பார்த்தேன், அங்கே கால்வாய் ஓடுகிறது என்று என்னிடம் சொன்னதில்லை. அதற்குக் கட்டணமும் இல்லை. திருமூலர் தம் உடலை விட்டு இடையன் மூலனின் உடலுக்குள் புகுந்தாரென்றால், மேய்ப்பன் செத்துக் கிடக்க மாடுகள் கதறியதைப் பொறுக்காமல் புகுந்தார். கதையின் உயிர் அந்த இரக்கத்தில் இருக்கிறது. சித்திகள் சமாதிக்கு இடையூறு என்று பதஞ்சலியே எழுதி வைத்திருக்கிறார். நம் மரபின் பெயரைச் சொல்லி விற்கிறவர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே கனவு காணாதே என்று நான் எந்தப் பையனுக்கும் சொல்ல மாட்டேன். கனவென்று தெரிந்துகொண்டே சனிக் கிரகத்தின் வளையத்தின் மேல் நடப்பது பெரிய சந்தோஷம்தான். அடிக்கடி பயமுறுத்துகிற கனவு வந்து அவதிப்படுபவர்களுக்கு இந்தப் பயிற்சி ஒரு வைத்தியமாகவும் உதவுமா என்று ஆராய்கிறார்கள். அந்தச் சனி உன் தலைக்குள் இருக்கிற சனி, நீ படித்ததும் பார்த்ததும் சேர்ந்து செய்தது, அவ்வளவுதான். நிறையப் படித்தவனின் கனவில் நல்ல சனி வரும். வருகிற கனவுக்கு நாலாயிரம் ரூபாயும் ராத்திரித் தூக்கமும் விலை வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெற்றோர்களே, பையன் மூன்றரை மணிக்கு எழுந்து படிக்கிறான் என்று பெருமைப்படுவதற்கு முன்னால் எதற்கு எழுகிறான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு மூன்று வாரமாகப் பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, இது கனவா நிஜமா என்று குழம்பினாலோ, மெடிக்கல் கடைக்கு வர வேண்டாம். அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் மாவட்டத்திலிருந்து டூர் என்றால் ஒகேனக்கல், மைசூர் என்றே போகிறார்கள். திருப்பத்தூர் போய் ஆலங்காயம் வழியாக மலை ஏறினால் காவலூர் வந்துவிடும். 1986-இல் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்த, பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். வானம் தெளிவாக இருக்கும் மாதங்களில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. சின்னத் தொலைநோக்கியிலேயே வியாழனின் நாலு நிலாக்களும் தெரியும், அதில் ஒன்று கனிமீடு.